அடியில் இருந்த கேரமல்

யாருக்கு அக்கா என்று கேட்டால் அவளாலேயே சட்டென்று பதில் சொல்ல முடியாது. பிறந்த வீட்டில் ஐந்து பேரில் மூத்தவள். பின்னால் வந்த நாலு பேரும் அக்கா, அக்கா என்று கூப்பிட்டதில் பெற்ற அம்மாவுக்கே அது வாயில் ஒட்டிக்கொண்டது. வேலை செய்கிற சலவைக்கூடத்தில் அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்கிறார்கள். கட்டின புருஷனே ஒருநாள் வாசலில் நின்ற கேஸ்காரரிடம், "இருப்பா, அக்கா உள்ள இருக்காங்க, வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கொழுந்தன் ஒருவன் மட்டும் முறை தவறாமல் அண்ணி என்பான். அவன் முறை தவறாமல் நடந்துகொள்கிற விஷயம் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

அக்கா என்றால் பங்கு போடுகிறவள். சின்ன வயதில் வீட்டுக்கு எது வந்தாலும், ஒரு பாக்கெட் பிஸ்கட்டோ ஒரு பழமோ, அம்மா அதை அவள் கையில் கொடுத்துவிடுவாள். "நீ பிரிச்சுக் குடு. நீ பிரிச்சாத்தான் சண்டை வராது." சண்டை வராமல் பிரிக்க ஒரே வழி, பிரிக்கிறவள் கடைசியில் எடுத்துக்கொள்வது. கடைசிப் பங்கு மற்றதைவிட ஒரு நகக்கண் அளவாவது சிறுத்துப் போயிருக்கும். அதைப் பார்த்து அவள் முகம் வாடினால், "உனக்குத்தான் குண்டான் இருக்கே" என்பாள் அம்மா. குண்டானை வழித்துத் தின்பது மூத்த பெண்ணுக்கான சலுகை என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. வழித்த பிறகு அதைக் கழுவுகிற சலுகையும் அவளுக்கே.

கல்யாணமாகி வந்த வீட்டில் ஆள் குறைவு, வாய் குறைவில்லை. கட்டினவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். யார் யார் வீட்டு ஃபிரிட்ஜையோ போய்ச் சரி பண்ணிவிட்டு வருவார். சொந்த வீட்டு ஃபிரிட்ஜின் கதவு சாத்தினால் சாத்தின இடத்தில் நிற்காது. ஸ்டூலை இழுத்து முட்டுக் கொடுக்க வேண்டும். "இந்த ஞாயித்துக்கெழம பார்த்துடலாம்" என்று அவர் முதன்முதலில் சொன்னபோது மகள் பாப்பாவுக்குப் பால்பல் ஆடிக்கொண்டிருந்தது. பாப்பா இப்போது காலேஜுக்குப் போகிறாள்.

கொழுந்தனுக்கு சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற வேலை. தற்காலிகமாகத் தங்க வந்தவன். கொண்டுவந்த பெட்டியின் கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை, அதனால் தற்காலிகம் என்பது இன்றுவரை செல்லுபடியாகிறது. எந்தப் படமானாலும் டிக்கெட் கிழித்து முடித்த கையோடு கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பான், வெளியே வந்து தீர்ப்புச் சொல்லிவிடுவான். தின்கிற பண்டத்துக்கும் அப்படித்தான். தீர்ப்புச் சொல்வதற்கென்றே முன்வரிசையில் ஒரு வாய் வேண்டும்.

அவன் வந்த புதிதில், எதையாவது பாப்பாவின் கையிலிருந்து பிடுங்கி ருசி பார்ப்பதும், அது வீறிட்டு அழுவதும், அவர் வந்து இரண்டு பேரையும் திட்டுவதுமாக இருந்தது. அக்காதான் ஒரு சட்டம் போட்டாள். வீட்டுக்குள் எது வந்தாலும் ஆளுக்கு ஒரு வாய். முதலில் அவர், அப்புறம் தம்பி, அப்புறம் பாப்பா, கடைசியில் பாத்திரம் கழுவுகிறவள். சட்டம் நன்றாகவே வேலை செய்தது. வீட்டில் யாருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. தனக்குக் குறை இருப்பது அக்காவுக்கும் தெரியாது, அந்த விளம்பரம் வரும் வரை.

அக்கா வேலை பார்ப்பது ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துத் தருகிற சலவைக்கூடத்தில். துவைத்துப் பிழிந்த விரிப்புகள் ஈரத்தோடு வண்டி வண்டியாக வரும். ஒரு ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளமாய் ஒரு சூடான உருளை. அதன் முன்னால் இரண்டு பேர் நின்று, விரிப்பின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, விறைப்பாக இழுத்து, சுருக்கம் எடுத்து, உருளைக்குள் கொடுக்க வேண்டும். அது வாங்கிக்கொண்டுபோய் மறுபக்கம் மொறமொறவென்று துப்பும். கொடுக்கிற இரண்டு பேரும் ஒரே மூச்சில் கையை விட வேண்டும். ஒருத்தி முந்தினால் விரிப்பு கோணிக்கொண்டு போகும், மேஸ்திரி வாய்க்கு வந்ததைப் பேசுவார். அக்காவும் நெட்டையும் அந்த உருளைக்கு ஜோடி. நெட்டைக்கு உயரம் அதிகம், வாய் அதைவிட அதிகம். நாள் முழுக்க முகத்தில் ஆவி அடிக்கும். பிளீச்சிங் நெடி தலைமுடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜாக்கெட் முதுகு காய்ந்து நனைந்து, காய்ந்து நனைந்து, சாயங்காலம் உப்புக் கோடு போட்டிருக்கும்.

அந்தக் கோலத்தில் கேட்டைத் தாண்டி வந்தால் எதிரில் பஸ் நிறுத்தம். நிறுத்தத்தின் தலைக்கு மேல், ஊரெல்லாம் கிளை போட்டிருக்கிற ஒரு பர்கர் கடையின் விளம்பரம். மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடி டம்ளர். உள்ளே வெள்ளை வெளேரென்று பால். டம்ளரின் உட்சுவரில் பொன் நிறத்தில் பாகு வழிந்து இறங்கி, அடியில் குட்டையாகத் தேங்கி நிற்கிறது. வெளியே முத்து முத்தாகக் குளிர்ந்த நீர்த்துளி. கேரமல் மில்க்ஷேக்.

"அப்படி வெறிக்காதே அக்கா, அதைக் குடிக்கறவங்களுக்கு வயித்த வலிக்கப் போகுது" என்றாள் நெட்டை.

"இல்லடி, அந்த டம்ளருக்கு வேர்த்திருக்கு பாரு. அதைப் போய் இவ்வளவு பெருசா படம் புடிச்சு மாட்டியிருக்கான். நமக்கும்தான் நாள் பூரா வேர்க்குது. எவனாவது எட்டிப் பார்த்தானா?"

"ஆசையா இருந்தா வாங்கிக் குடியேன். நீ எறங்கற எடத்துலதானே கடை?"

"அது சின்னப் பசங்க போற எடம்."

"தொண்டைக்குள்ள வயசு பார்த்துட்டா விடப் போறான்?"

"வாங்கினா வீட்டுல நாலு பேரு."

"நாலு பேரு குடிக்கணும்னு எவ சொன்னா? உனக்கு எத்தனை வாயி? ஒண்ணுதானே? ஒரு டம்ளர், ஒரு வாயி. கணக்குச் சரியாத்தான் இருக்கு."

நெட்டை விளையாட்டுக்குச் சொன்னாள். அக்காவுக்கு அது பஸ்ஸில் கூடவே வந்தது. ஒரு டம்ளர், ஒரு வாய். எப்போதாவது ஒரு பண்டத்தை அதன் முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை தான் ஒருத்தியே தின்றிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தாள். பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கொடுத்த ரொட்டி ஞாபகம் வந்தது. அதிலும் ஓரத்தை அவர் பிய்த்துக்கொண்டார், "உன்னால ஓரம் மெல்ல முடியாது" என்று.

பாய்லர் பழுதாகி மதியமே வேலை நின்ற ஒரு நாளில் அக்கா அந்தக் கடைக்குள் நுழைந்தாள்.

உள்ளே ஏசி உடம்பைக் கிள்ளியது. ஆர்டர் கொடுக்க ஆள் இல்லை, ஆள் உயரத்துக்கு ஒரு டிவி நின்றது. அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, தொப்பி போட்ட ஒரு பெண் கவுண்டரைவிட்டு வெளியே வந்தாள்.

"இதுல தொடணும் அக்கா. என்ன வேணும்?"

இங்கேயும் அக்கா. "அந்த கேரமல் போட்ட பாலு. பெருசு. ஒண்ணே ஒண்ணு" என்றாள், யாரோ இரண்டு என்று சொல்லிவிட்டது போல.

டம்ளர் வந்தது. படத்தில் இருந்த உயரம் இல்லை, ஆனால் மற்றதெல்லாம் இருந்தது. பிளாஸ்டிக் வழியாக உள்சுவரில் பாகு வழிவது தெரிந்தது. அடியில் தேங்கியிருந்ததும் தெரிந்தது. அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து குடித்திருக்கலாம். நெட்டையாக இருந்தால் வாசலிலேயே குடித்து முடித்து, டம்ளரைத் தொட்டியில் போட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போல வீட்டுக்குப் போயிருப்பாள். அக்காவுக்கு அது தோன்றவே இல்லை. சுற்றிலும் சென்ட் வாசனையோடு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். தன்மேல் பிளீச்சிங் நெடி. தவிர, இத்தனை நாள் பார்த்துப் பார்த்து வைத்த ஆசையைப் புழுங்கின உடம்போடு தீர்த்துக்கொள்ள மனசில்லை. வீட்டுக்குப் போய், தலைக்குக் குளித்து, உடை மாற்றி, ஃபேனுக்கடியில் கால் நீட்டி உட்கார்ந்து குடிக்க வேண்டும். வாங்கின பண்டம் வீட்டுக்குத்தான் போகும் என்று கால்களுக்கும் பழகியிருந்தது. பால்குடிப் பிள்ளையைத் தூக்கிப்போகிறவள் மாதிரி, துண்டை மேலே போர்த்தி டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"என்னம்மா அது?" என்றாள் பாப்பா, செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

"எனக்கு."

பாப்பா நிமிர்ந்தாள். "எனக்குன்னா?"

"எனக்குன்னா எனக்கு. குளிச்சிட்டு வந்து குடிப்பேன். யாரும் தொடக் கூடாது." சொல்லும்போதே ஏதோ திருடிக்கொண்டு வந்ததைச் சொல்வது போல் குரல் இறங்கியது. ஃபிரிட்ஜுக்குள் பின்பக்கமாகத் தள்ளி வைத்து, கதவைச் சாத்தி, ஸ்டூலை இழுத்து முட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தலையில் ஈரத்துண்டோடு திரும்பி வந்தபோது சாப்பாட்டு மேஜையின் மூன்று பக்கத்திலும் மூன்று பேர். வேலைக்குப் போனவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நடுவில் டம்ளர். மூன்று முகத்திலும், பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளைகளின் ஒழுக்கம்.

"கதவு தானா தொறந்துக்கிச்சு அண்ணி" என்று கொழுந்தன் முந்திக்கொண்டான். "ஸ்டூலு சரியா வைக்கல போல இருக்கு. கெட்டுப் போயிடப் போகுதேன்னு எடுத்து வெளிய வச்சோம்."

"வெளிய வச்சா கொறையுமா?"

"ஒரு வாய்தான் அண்ணி. ஆளுக்கு ஒரு வாய். நீங்க போட்ட சட்டம்."

"உனக்குத்தான் நிறைய விட்டு வச்சிருக்கோம் பாரு" என்றார் அவர், டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி. "பாதிக்கு மேல இருக்கு."

அக்கா பார்த்தாள். உண்மைதான், பாதிக்கு மேல் இருந்தது. சொல்ல வந்ததை வழக்கம்போல் விழுங்கினாள். ஒரு வாய்தானே. இவர்கள் யார், வேற்று ஆளா? உட்கார்ந்து, குழலை வாயில் வைத்து உறிஞ்சினாள்.

பால். குளிர்ச்சி பாதி விட்டுப்போன, லேசாகத் தித்திக்கிற வெறும் பால். மறுபடி உறிஞ்சினாள். அதே பால். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தாள். பாகுமில்லை, பவுனுமில்லை. டம்ளரின் உட்சுவர் துடைத்துவிட்டது போல் இருந்தது.

"திருட்டுப் பயலுங்க" என்றாள்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"மாடி ஒசரத்துக்குப் படம் போட்டிருக்கான், வழியுது, தேங்குதுன்னு. குடிச்சுப் பார்த்தா வெறும் பாலு! இதுக்கா ஏசி, இதுக்கா டிவி? யாரு கேக்கப் போறாங்கன்னு நெனப்பு. கூலிக்காரி வந்தா, இவளுக்கென்ன தெரியப் போகுதுன்னு பாலை ஊத்திக் குடுத்துட்டாங்க."

"விடு, கடைன்னா அப்படித்தான்" என்றார் அவர் அவசரமாக.

"ஏன் விடணும்? அவன் வீட்டுக் காசா? நான் போய்க் கேக்கறேன்."

"இந்தக் கோலத்துலயா?"

அந்தக் கோலத்தில்தான் கிளம்பினாள். தலையில் ஈரத்துண்டு, வீட்டில் உடுத்துகிற வெளுத்த சேலை, கையில் அரை டம்ளர் பால். புகுந்த வீட்டு ஆட்கள்மேல் கோபப்பட்டு அவளுக்குப் பழக்கமில்லை. விழுங்கி வைத்ததற்கு ஒரு வழி தேவைப்பட்டது, கடைக்காரன் கிடைத்தான். பாப்பா செருப்பை மாட்டியும் மாட்டாமலும் பின்னால் ஓடி வந்தாள்.

"அம்மா, வேணாம்மா. என் கூடப் படிக்கறவங்க அங்க வருவாங்க. மானம் போகுதும்மா."

"ஏமாத்தினவனுக்குப் போகாத மானம் ஏமாந்தவளுக்கு எப்படிடி போகும்?"

"அது ஏமாத்தல்லாம் இல்லம்மா."

"உனக்கென்ன தெரியும்? நீ ஒரு வாயோட நிறுத்திட்ட, நான்தானே முழுசா குடிச்சுப் பார்க்கறேன்."

பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பு வாரை மாட்டினாள். அது அக்காவுக்கு அப்போது உறைக்கவில்லை.

கடையில் அக்கா போட்ட சத்தத்துக்கு உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தவன் கரண்டியோடு எட்டிப் பார்த்தான். தொப்பிப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தான் போட்டேன் அக்கா, நெஜமா போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளேயிருந்து கழுத்துப்பட்டை கட்டிய சூப்பர்வைசர் வந்தான். மீசை அப்போதுதான் யோசித்து யோசித்து முளைத்துக்கொண்டிருந்தது.

"என்ன மேடம் பிரச்சனை?"

"இதுல கேரமல் எங்க? நீயே குடிச்சுப் பார்த்துச் சொல்லு."

அவன் டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "கலக்கினீங்களா மேடம்?"

"பாலைக் கலக்க எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

"அதில்ல மேடம். கேரமலை முதல்ல டம்ளர் ஓரமா சுத்தி விட்டு, அடியில ஊத்துவோம். மேலதான் ஷேக் வரும். கலக்காம ஸ்ட்ராவை அடி வரைக்கும் விட்டு உறிஞ்சினா கேரமல் மட்டும் முதல்ல வந்துடும். பால் அப்படியே நிக்கும். நீங்க முதல் முதல்ல உறிஞ்சினப்ப எப்படி இருந்துச்சு?"

"முதல் முதல்ல உறிஞ்சினது நான் இல்ல" என்றாள் அக்கா.

சொன்ன பிறகு அந்த வார்த்தை அவள் காதிலேயே போய் விழுந்தது. திரும்பிப் பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா."

"சித்தப்பாதான் சொன்னாரும்மா."

"என்ன சொன்னாரு?"

"மேல ஒண்ணுமில்ல, விஷயமெல்லாம் அடியிலதான் இருக்கு, அடி வரைக்கும் விட்டு இழுங்கன்னு. அப்பா இழுத்தாரு. நல்லா இருக்குன்னு இன்னொரு வாட்டி இழுத்தாரு. அப்புறம் சித்தப்பா ஓரமெல்லாம் ஸ்ட்ராவால வழிச்சு…"

"நீ?"

"கொஞ்சந்தான் மிச்சம் இருந்துச்சு." பாப்பாவின் குரல் உள்ளே போயிற்று. "பால் உனக்கு நிறைய இருந்துச்சேம்மா."

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆளுக்கு ஒரு வாய் என்பது சரி. சட்டம் அவள் போட்டதுதான். தெரியாமல் நடந்திருந்தால் அதுவும் போகட்டும். இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எது நன்றாக இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்து, அதை அடி காணும்வரை உறிஞ்சி எடுத்துவிட்டு, பாதிக்கு மேல் பாலைக் காட்டி, உனக்குத்தான் நிறைய என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த 'நிறைய'தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அள்ளிக்கொண்டு போனவர்கள் சும்மாவாவது இருந்திருக்கலாம். தானம் செய்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்களே! பெற்ற அம்மாவும் இதே முகத்தோடுதான் குண்டானை நீட்டினாள். வாங்கிக்கொண்டு சிரித்தவளை என்ன சொல்வது என்று நினைத்தபோது கோபம் தன்மேலும் கொஞ்சம் சிந்தியது.

தொப்பிப் பெண்ணிடம் போனாள். "நீ அழாதேம்மா. நீ போட்டுத்தான் குடுத்திருக்கே. திருட்டு நடந்தது எங்க வீட்டுல. தெரியாம உன்னைப் பேசிட்டேன்."

"பரவாயில்ல அக்கா."

"மேடம், நாங்க வேணும்னா இன்னொண்ணு ஃப்ரீயா…" என்றான் சூப்பர்வைசர்.

"வேணாம் தம்பி. உங்க மேல ஒரு தப்பும் இல்ல, நீங்க ஏன் தெண்டம் அழணும்? நானே வாங்கிக்கறேன். பெருசு. ஒண்ணே ஒண்ணு." இந்தத் தடவை டிவியை அவளே தொட்டாள்.

இரண்டாவது டம்ளரோடு கடையின் நடுவில் இருந்த மேஜையில் போய் உட்கார்ந்தாள். ஈரத்துண்டிலிருந்து தண்ணீர் தோளில் சொட்டியது. சுற்றியிருந்த பிள்ளைகள் பார்த்தார்கள், பார்க்கட்டும். பாப்பா எதிரில் உட்கார்ந்தாள். அக்கா நிதானமாக, அடி முதல் மேல் வரை, நன்றாகக் கலக்கினாள். பொன் நிறம் புரண்டு புரண்டு பாலோடு சேர்ந்து எல்லாம் ஒரே பழுப்பாயிற்று. குடித்தாள்.

முதல் வாய் ஜில்லென்று இறங்கியது. உருளை முன்னால் நின்று வாங்கிய சூடெல்லாம் காது வழியாக வெளியே போனது போல் இருந்தது. இரண்டாவதில் சர்க்கரை கருகிய மணம். பரவாயில்லை. மூன்றாவது வாயில் தித்திப்பில் பல் கூசியது. அதற்கப்புறம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது. அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. இதற்கா? அடுப்பில் சர்க்கரையைத் தெரியாமல் தீய விட்டால் வருகிற இந்த நாற்றத்துக்கா இத்தனை நாள் பஸ் நிறுத்தத்தில் கழுத்து வலிக்க நின்றோம்? படம் போட்டவன் மட்டும் கையில் அகப்பட்டால் அவனை உருளைக்குள் கொடுத்து மறுபக்கம் வாங்கலாம்.

முகத்தைப் பார்த்து பாப்பா கண்டுபிடித்துவிட்டாள். "புடிக்கலையா?"

"யாரு சொன்னா?"

"முடியலன்னா வச்சிடும்மா. குடு, நான் ஒரு வாய்…"

பாப்பாவின் கை மேஜைமேல் பாதி தூரம் வந்துவிட்டது. அக்காவின் கையும் டம்ளரைப் பாதி தூரம் நகர்த்திவிட்டது, அவளைக் கேட்காமலே. அதைப் பார்த்தாள். பிறகு டம்ளரைத் தன் பக்கம் இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், எதிர்முனையில் நெட்டை நின்று இழுப்பது போல.

"மாட்டேன்."

"ஒரு வாய்தானேம்மா!"

"ஒரு வாய் கூட மாட்டேன். வேணும்னா நீ தனியா ஒண்ணு வாங்கிக் குடி. நான் வேணும்னா பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்க்கறேன்."

பாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நெஜமாவே முழுசும் குடிக்கப் போறியா?" என்று கேட்டாள். கேட்ட குரலில் கோபம் குறைந்து வேடிக்கை பார்க்கிற ஆவல் வந்திருந்தது.

செல்போன் அடித்தது. அவர்தான். "எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்? தம்பி ராத்திரி ஷோவுக்குப் போகணும், பசிக்குதுங்கறான்."

"நான் குடிச்சிட்டிருக்கேன்" என்றாள் அக்கா. "முடிச்சிட்டு வர்றேன்." வைத்துவிட்டாள்.

மருந்து குடிக்கிற மாதிரி, நடுநடுவே மூச்சு விட்டு விட்டுக் குடித்தாள். கடைசியில் குழல் வெறும் டம்ளரின் அடியைத் தொட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கர்ரென்று ஒரு சத்தம் போட்டது. அது தீர்ந்ததற்கான சத்தம்தான் என்பதை உறுதி செய்துகொள்ள இன்னொரு தடவை உறிஞ்சினாள்.

வீட்டில் கொழுந்தன் தட்டை வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். "கேட்டீங்களா அண்ணி அவனை? என்ன சொன்னான்?"

"கேரமல் அடியில இருக்கும்னு சொன்னான்" என்றாள் அக்கா. "உங்களுக்கு முன்னாலயே தெரியுமாமே."

கொழுந்தன் தட்டில் பூப்போட்ட இடத்தை உற்றுப் பார்த்தான். அவர் பாப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பாப்பா கூரையைப் பார்த்தாள்.

"ஒரு டம்ளர் பாலுக்கு இவ்வளவு பேச்சா?" என்றார் அவர்.

"பாலுக்கு ஒரு பேச்சும் இல்ல. நீங்க எல்லாத்தையும் குடிச்சிருந்தா கூட, 'ஆசை தாங்கல, குடிச்சிட்டோம்'னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்குச் சிரிச்சிட்டுப் போயிருப்பேன். நல்லதை எல்லாம் வழிச்சு எடுத்துட்டு, மிச்சத்தை நீட்டி உனக்குத்தான் நிறையன்னீங்க பாருங்க. எத்தனை வருஷமா இந்த 'நிறைய'? நானும் வாங்கி வாங்கி வச்சுக்கிட்டிருக்கேன்."

ஃபிரிட்ஜ் கதவு முனகிக்கொண்டு திறந்தது. யாரும் எழுந்துபோய்ச் சாத்தவில்லை. சமாதானம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு அவர் கேட்டார், "சரி, எப்படி இருந்துச்சு?"

"நல்லாவே இல்ல. தீஞ்ச சர்க்கரை. தித்திப்பு தொண்டைய அடைக்குது."

"அப்ப பாதியோட வச்சிருக்கலாமே? பாப்பா குடிச்சிருப்பா. இல்ல இங்க எடுத்துட்டு வந்திருந்தா நாங்க…" சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தின இடத்திலேயே எழுந்துபோய், ஸ்டூலை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கதவின் ரப்பரை விரலால் தடவி, முதல் தடவையாக அதைப் பார்க்கிறவர் போல் குனிந்து பார்த்தார்.

அக்கா சமையலறையிலிருந்து காலையில் ஆக்கி வைத்த சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வயிற்றில் குடித்தது ததும்பிக் கொண்டிருந்தது, சாப்பாட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு தட்டை எடுத்து, முதலில் தனக்குப் போட்டுக்கொண்டாள், நடுவிலிருந்து நல்ல பாகமாக. அடுத்து பாப்பாவுக்கு. அடுத்து அவருக்கு. காலியான குண்டானைக் கரண்டியோடு கொழுந்தனின் முன்னால் வைத்தாள்.

அவன் எட்டிப் பார்த்தான். "அண்ணி, இதுல அடியில ஒட்டினதுதானே இருக்கு?"

"ஆமா தம்பி. விஷயமெல்லாம் அடியிலதான் இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? வழிச்சு எடுங்க, நிறைய இருக்கும்."

பாப்பாவுக்குச் சிரிப்பு புரையேறியது. கொழுந்தன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். அண்ணன் ஃபிரிட்ஜ் கதவை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு அவன் கரண்டியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தான். அக்கா தன் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, பசியில்லாமலே ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள்.